கீழ்நிலை விலங்கு என்று ஒன்று உண்டா?

போன வாரம் எங்கள் நடைப்பயிற்சிக் குழுவின் வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. மனித மூளையை மூன்று மாடிக் கட்டடமாக வரைந்திருந்தார்கள். தரைத்தளம் ‘பல்லி மூளை’. பசி, பயம், கோபம் எல்லாம் அங்கே. அதற்கு மேல் ‘பாலூட்டி மூளை’; பாசமும் பந்தமும் அங்கே. மொட்டைமாடிக்குப் பக்கத்தில் ‘மனித மூளை’; அறிவு, நியாயம், கணக்கு வழக்கு. கோபம் வரும்போது மாடியை விட்டு இறங்காதீர்கள் என்று கீழே ஓர் அறிவுரை. அறிவுரையில் குறை ஒன்றும் இல்லை. படத்தில்தான் குறை.

இந்த மூன்று மாடிக் கதையைச் சொன்னவர் பால் மெக்லீன் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளர், 1960-களில் சொன்னார். 1977-இல் கார்ல் சேகன் எழுதிய புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது. மூளையின் அமைப்பை ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இதை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். காரணம் எளிது. மீனுக்கும் முன்மூளை, நடுமூளை, பின்மூளை மூன்றும் உண்டு. தவளைக்கும் உண்டு, பல்லிக்கும் உண்டு. மாடிமேல் மாடி எழுப்பப்படவில்லை. இருந்த அறைகளே ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு விதமாகப் பெருத்தன, சிறுத்தன, வேலை மாறின. தவிர, சுவரில் ஓடும் பல்லி நமக்குப் பாட்டன் அல்ல. அதன் வழியும் நம் வழியும் பிரிந்து ஏறத்தாழ 32 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அத்தனை காலமும் நாம் மட்டும் மாறிக்கொண்டே வர, பல்லி கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. அது நமக்குத் தூரத்துப் பங்காளி, அவ்வளவுதான்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் விலங்கியல் எடுத்தவன் நான். ஆகவே படத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. படத்துக்குப் பின்னால் உள்ள எண்ணம் மிகப் பழையது. உயிர்கள் எல்லாம் ஓர் ஏணியில் நிற்கின்றன. அடிப்படியில் புழு, நடுவில் மீனும் பல்லியும், உச்சிப்படியில் நாம். நரம்பு மண்டலம் பற்றிய பாடத்தையும் இந்த வரிசையில் வைத்தே சொல்வது வழக்கமாகிவிட்டது. ‘கீழ்நிலை விலங்குகள்’, ‘மேல்நிலை விலங்குகள்’ என்ற இரண்டு சொற்களும் அப்படித்தான் நிலைத்துவிட்டன. இந்த இரண்டையும் பாடத்திலிருந்தும் பேச்சிலிருந்தும் எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. அவை மரியாதைக் குறைவு என்பதற்காகச் சொல்லவில்லை. அவை உண்மைக்குப் புறம்பானவை; அந்தப் பொய்யால் நடைமுறையில் தீங்கும் விளைகிறது.

உடனே நண்பர்கள் தொல்காப்பியத்தைக் கொண்டுவருவார்கள். மரபியலில் ஓரறிவு முதல் ஆறறிவு வரை உயிர்களை வகுத்திருக்கிறதே என்பார்கள். நானும் அதை வியந்து படித்தவன்தான். தொடு உணர்வு மட்டும் உள்ள புல்லும் மரமும், பிறகு சுவை, பிறகு மோப்பம், பார்வை, செவி, கடைசியில் மனம் என்று அடுக்கிச் செல்லும் அந்தப் பகுப்பு, ஒவ்வோர் உயிருக்கும் உலகம் எத்தனை வாசல்கள் வழியாகத் தெரிகிறது என்று எண்ணிப் பார்த்த முயற்சி. வாசலை எண்ணியவர் மேல் குற்றம் இல்லை. அந்த எண்ணிக்கையைப் பிற்காலத்தில் நாம்தான் பெருமைப் பட்டயமாக்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டோம். ‘ஐந்தறிவு ஜென்மம்’ என்பது வசைச்சொல் ஆனது நம் கைங்கரியம்.

சரி, நரம்பின் கதைக்கு வருவோம். நரம்பு மண்டலம் என்பது சுருக்கமாகச் சொன்னால் செய்தி அனுப்பும் ஏற்பாடு. உடலின் ஓரிடத்தில் நடந்ததை இன்னோரிடத்துக்கு விரைவாகத் தெரிவிக்க வேண்டும். மின்குறி மூலம் செய்தி அனுப்பும் வித்தை நரம்புக்கு முன்பே உயிர்களிடம் இருந்தது. தொட்டாச்சிணுங்கி இலை மடங்குவதும் ஒருவகை மின்குறியால்தான்; ஜகதீஷ் சந்திர போஸ் இதைத்தான் நூறு ஆண்டுகளுக்கு முன் கருவிகள் செய்து அளந்து காட்டினார். ஒற்றைச் செல் உயிரியான பரமீசியம் எதிலாவது முட்டிக்கொண்டால் பின்வாங்குகிறதே, அதற்கும் அதன் மேல்படலத்தில் எழும் மின்மாற்றம்தான் காரணம். 

விலங்குகளில் நரம்பே இல்லாதது கடற்பஞ்சு. ஒரு நரம்புச் செல்கூடக் கிடையாது. ஆனால் 2010-இல் ஆஸ்திரேலியக் கடற்பஞ்சு ஒன்றின் மரபணுத் தொகுதியைப் படித்தபோது, நம் நரம்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசும் இடத்தில், அதாவது சினாப்ஸில், வேலை செய்யும் புரதங்களில் பலவற்றுக்கான மரபணுக்கள் அதனிடமும் இருப்பது தெரிந்தது. வீடு கட்டுவதற்கு முன்பே செங்கலும் மணலும் வந்து இறங்கிக் கிடந்த மாதிரி. கண்ணாடிக் கடற்பஞ்சு என்ற ஆழ்கடல் வகை, நரம்பு இல்லாமலேயே உடல் முழுக்க மின்குறி அனுப்பி, தண்ணீர் உறிஞ்சுவதை ஒரேயடியாக நிறுத்திக்கொள்ளும். இதை ‘கீழ்’ என்று எப்படிச் சொல்வது? ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு தண்ணீரை வடிகட்டிப் பிழைக்கிற பிழைப்புக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

அடுத்து சீப்பு ஜெல்லி. உள்ளே கை விட்டால் விரல் தெரியும் அளவுக்குக் கண்ணாடி போன்ற உடல். அதன்மேல் எட்டு வரிசைச் சீப்புகள். நம் வங்கக் கடலிலும் உண்டு. இதற்கு நரம்பு வலை இருக்கிறது. ஆனால் 2013, 2014 ஆண்டுகளில் இதன் மரபணுக்களைப் பார்த்தவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. மற்ற விலங்குகளின் நரம்புகள் வழக்கமாகப் பயன்படுத்தும் செய்தி வேதிப்பொருள்கள் பல இதனிடம் இல்லை. 2023-இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது இன்னொரு விநோதம்: நரம்பு வலையின் இழைகள் தனித்தனிச் செல்களாக இல்லாமல், ஒன்றோடொன்று உருகி இணைந்த ஒரே குழாயாக இருந்தன. இதையெல்லாம் வைத்து, நரம்பு மண்டலம் பூமியில் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கலாம் என்று லியோனிட் மொரோஸ் போன்றவர்கள் வாதாடுகிறார்கள். மறுப்பவர்களும் உண்டு, வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் வழக்கு நடக்கிறது என்பதே ஏணிக்காரர்களுக்குச் சங்கடம். ஒரே ஏணி என்றால் அடிப்படி எது என்பதிலேயே அல்லவா தகராறு!

ஜெல்லி மீனை நம் கடற்கரைக்காரர்கள் சொறி என்பார்கள். அதற்குத் தலை இல்லை, மூளை என்று ஓரிடத்தைக் காட்டவும் முடியாது. உடல் முழுக்க விரிந்த நரம்பு வலை. அந்தக் காலத்துத் தண்டோராவை நினைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தெருமுனையில் தட்டினாலும் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிடும். எந்தத் திசையிலிருந்தும் இரை வரலாம், எந்தத் திசையிலிருந்தும் ஆபத்து வரலாம் என்ற வட்ட உடலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா? கரீபியக் கடலோர அலையாத்திக் காடுகளில் விரல் நகம் அளவே உள்ள பெட்டி ஜெல்லி ஒன்று வாழ்கிறது. அதற்கு 24 கண்கள். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆண்டர்ஸ் கார்ம் குழுவினர் 2023-இல் அதைத் தொட்டியில் விட்டுப் பார்த்தார்கள். சுவரில் சாம்பல் நிறக் கோடுகள் தூரத்து வேர்போலத் தோன்றும்படி வரைந்திருந்தார்கள். முதலில் போய்ப் போய் முட்டிக்கொண்ட அந்த ஜெல்லி, சில நிமிடங்களிலேயே பாடம் கற்றுக்கொண்டு விலகிப் போகத் தொடங்கியது. மூளை இல்லாமல் படிப்பு!

இன்னொரு செய்தி, இந்த வயதில் இரவு இரண்டு மணிக்கே விழித்துக்கொள்கிற நம்மைப் போன்றவர்களுக்காக. தலைகீழாகக் கிடக்கும் காசியோபியா என்ற ஜெல்லி மீன் இரவில் தூங்குகிறது என்று 2017-இல் கலிபோர்னியாவில் கண்டறிந்தார்கள். ராத்திரி தொந்தரவு செய்து தூங்கவிடாமல் செய்தால், மறுநாள் பகலில் மந்தமாகக் கிடக்கிறது. 2020-இல் ஹைட்ராவும் தூங்குவது தெரியவந்தது. தூக்கம் மூளைக்காக வந்தது என்பது பொதுவான எண்ணம். கணக்கைப் பார்த்தால் மூளை தோன்றுவதற்கு முன்பே தூக்கம் வந்துவிட்டதுபோல் இருக்கிறது.

உடலுக்கு முன், பின் என்று ஏற்பட்டு, ஒரே திசையில் ஊர்ந்து செல்லும் விலங்குகள் வந்தபோதுதான் தலை முக்கியமானது. புது இடத்தை முதலில் சந்திப்பது முன்முனை. ஆகவே கண், மோப்பம், அவற்றைக் கவனிக்கும் நரம்பு முடிச்சு எல்லாம் அங்கே குவிந்தன. இந்த வகையில் நமக்கு மிக நன்றாகத் தெரிந்த விலங்கு, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற உருளைப்புழு. அதன் நரம்புச் செல்கள் மொத்தம் 302. எது எதோடு இணைகிறது என்ற முழு வரைபடத்தையும் சிட்னி பிரென்னரின் குழு 1986-இல் வெளியிட்டது. 302 செல்களை வைத்துக்கொண்டு அது உணவைத் தேடுகிறது, சூட்டை நினைவில் வைக்கிறது, துணையைக் கண்டுபிடிக்கிறது.

பழைய மாணவர்களுக்குக் கரப்பான் பூச்சியும் தவளையும் நினைவிருக்கும். மெழுகுத் தட்டில் ஊசி குத்தி, நரம்பு வடத்தை அறுந்துவிடாமல் எடுத்துக் காட்டினால்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண். கரப்பானின் நரம்பு வடம் வயிற்றுப் பக்கம் ஓடும். தவளைக்கும் நமக்கும் முதுகுப் பக்கம். பிரெஞ்சு விலங்கியலாளர் ஜெஃப்ராய் செயின்ட் ஹிலேர் 1822-இலேயே ஒரு சிங்கி இறாலை மல்லாக்கப் போட்டு, “இப்போது பாருங்கள், இது நம்மைப் போலவே இருக்கிறது” என்கிற பொருளில் வாதாடினார். கேலிதான் மிச்சம். 170 ஆண்டுகள் கழித்து, 1990-களில், பூச்சியின் வயிற்றுப் பக்கத்தையும் நம் முதுகுப் பக்கத்தையும் ‘இது நரம்பாகும் பகுதி’ என்று கருவிலேயே குறித்துவைக்கும் மரபணுக்கள் ஒரே குடும்பம் என்று தெரிந்தது. நம் முன்னோரில் யாரோ ஒருவர் மல்லாந்துவிட்டார் போலும்! நரம்பு வடம் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியாக உருவானது என்று சொல்பவர்களும் இன்று இருக்கிறார்கள். எப்படியானாலும், கரப்பான் நமக்குக் கீழ்ப்படியில் நிற்கவில்லை. பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. தலையை இழந்த கரப்பான் பல நாள் உயிரோடு இருப்பதற்குக் காரணம், உடல் நெடுக உள்ள நரம்பு முடிச்சுகள் தத்தம் பகுதியைத் தாமே நிர்வாகம் செய்வதுதான்.

ஏணிக் கதைக்குப் பெரிய அடி கொடுப்பவை நம் நெருங்கிய உறவினர்கள். நட்சத்திர மீனுக்கு மூளை இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், ஒவ்வொரு கைக்கும் ஒரு நரம்பு, அவ்வளவுதான். ஆனால் உறவுமுறை பார்த்தால் தேனீயைவிட, ஆக்டோபஸைவிட, நட்சத்திர மீன்தான் நமக்கு நெருக்கம். அதைவிட நெருக்கமானது அசிடியா. பாறையில் பைபோல ஒட்டிக்கொண்டு, தொட்டால் நீரைப் பீய்ச்சும் கடல் உயிரி. அதன் குஞ்சு தலைப்பிரட்டை போல இருக்கும். முதுகுநாண் உண்டு, முதுகில் நரம்பு வடம் உண்டு, சிறு மூளையும் உண்டு. சியோனா என்ற வகையில் அந்தக் குஞ்சின் மைய நரம்பு மண்டலத்தில் 177 நரம்புச் செல்களை எண்ணியிருக்கிறார்கள். நல்ல பாறை கிடைத்ததும் தலையால் ஒட்டிக்கொள்ளும்; வாலும் முதுகுநாணும் நரம்பு வடத்தின் பெரும்பகுதியும் கரைந்து போகும். மிச்சத்திலிருந்து சின்னதாக ஒரு நரம்பு முடிச்சு உருவாகி, ஆயுள் முழுக்க அதோடு சரி. சொந்த வீடு கட்டிக் குடியேறியதும் வெளியே போவதையே விட்டுவிடுகிற சிலரை நமக்குத் தெரியும் அல்லவா, அந்த ரகம். நரம்பைப் பராமரிக்கச் செலவு அதிகம். நம் மூளை உடல் எடையில் 2 விழுக்காடுதான்; உண்ணும் சக்தியில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை அதுவே எடுத்துக்கொள்கிறது. தேவையில்லாத இடத்தில் பரிணாமம் மூளையைக் கைவிடத் தயங்கியதில்லை. ஏறுவதற்கு மட்டுமே படி வைத்த ஏணியில் இதை எங்கே வைப்பது?

வேகத்துக்கு வருவோம். மின்குறி வேகமாக ஓட இரண்டு வழி உண்டு. குழாயைப் பெரிதாக்கலாம், அல்லது குழாய்க்கு உறை போடலாம். கணவாய் முதல் வழியைப் பிடித்தது. அதன் ராட்சத நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடிமன். கண்ணுக்கே தெரியும். அதில் மின்முனை செருகித்தான் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்குறி எப்படி ஓடுகிறது என்பதை 1952-இல் கணக்காக எழுதினார்கள். 1963-இல் நோபல் பரிசு. அந்த இழையில் குறி விநாடிக்குச் சுமார் 25 மீட்டர் ஓடும். முதுகெலும்புள்ளவை இரண்டாம் வழியில் போயின. மையலின் என்ற கொழுப்பு உறையால் சுற்றிய நம் நரம்பிழை கணவாயின் இழையில் ஐம்பதில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. வேகமோ விநாடிக்குச் சுமார் 100 மீட்டர் வரை. ஆகவே மையலின் நமது வெற்றி என்று எழுதிவிடலாமா? அவசரம் வேண்டாம். கடல் இறாலின் சில நரம்பிழைகளுக்கும் மையலின் போன்ற உறை உண்டு. அது தானாக, தனியாக உருவானது. அதில் குறி விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தைத் தொடுகிறது. விலங்குலகில் அளந்தவற்றில் மிக வேகமான நரம்பு நம் தட்டில் தொக்காக வந்து விழுகிற இறாலின் குடும்பத்தில்தான் இருக்கிறது.

ஆக்டோபஸ் என்ற பேய்க்கணவாயைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவு நிறைவு பெறாது. நத்தைக்கும் சிப்பிக்கும் சொந்தம். நமக்கும் அதற்கும் பொது மூதாதை வாழ்ந்தது 55 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால். இருந்தும் 50 கோடி நரம்புச் செல்கள். அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு எட்டுக் கைகளில் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கையும் தானே தடவிப் பார்த்து, சுவைத்து, முடிவெடுக்கும். மாவட்ட ஆட்சியரிடம் கோப்பு போகாமல் ஊராட்சியே வேலையை முடிப்பதுபோல. நடு மூளை தொண்டைக்குழலைச் சுற்றி வளையமாக இருக்கிறது. விழுங்கும் இரை மூளையின் நடுவே புகுந்து போகிறது! அதன் கண் நம் கண்ணைப் போலவே வில்லை வைத்த கண்; ஆனால் நம் கண்ணில் உள்ள குருட்டுப் புள்ளி அதில் இல்லை. சிக்கலான மூளை என்பது ஒரே பாதையின் கடைசி ஊர் அல்ல. வெவ்வேறு பாதைகளில் போனவர்கள் தனித்தனியாகக் கட்டிய ஊர்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எண்ணிக்கையும் அவ்வளவு சுலபமான அளவுகோல் அல்ல. பழ ஈயின் மூளையில் உள்ள 1,39,255 நரம்புச் செல்களின் இணைப்பு வரைபடம் 2024-இல் முழுமையாக வெளிவந்தது. தேனீக்குச் சுமார் 10 லட்சம். அதை வைத்துக்கொண்டு பூ இருக்கும் திசையையும் தூரத்தையும் ஆடிக் காட்டித் தோழிகளுக்குச் சொல்கிறது. அதைப் படித்தறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் வாங்கினார். இன்னொரு பக்கம், நம் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் என்றால், ஆப்பிரிக்க யானைக்கு 25,700 கோடி, பெரும்பாலும் சிறுமூளையில். அதனால் யானை நம்மைவிட மூன்று படி மேலே என்று யாரும் சொல்வதில்லை. எங்கே, எதற்காக இருக்கிறது என்று பார்க்கிறோம். யானைக்குக் காட்டுகிற அந்த நியாயத்தை மற்றவற்றுக்கும் காட்டலாமே.

ஏணி எண்ணத்தால் அறிவியலே ஒரு நூற்றாண்டைத் தொலைத்த கதை ஒன்று உண்டு. ஜெர்மானிய உடற்கூறியலாளர் லுட்விக் எடிங்கர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பறவை மூளைக்குப் பெயர்கள் வைத்தார். பறவை நமக்குக் கீழ்ப்படி என்ற நம்பிக்கையில், அதன் முன்மூளையின் பெரும்பகுதியை வெறும் அனிச்சைப் பழக்கங்களுக்கான அடிப்பகுதி என்று பொருள்படும்படி பெயரிட்டார். பெயர் அப்படி இருந்ததால் காகத்தின் சாமர்த்தியத்தைக் கண்ணால் கண்டும் ‘பழக்கதோஷம்’ என்றே பலர் எழுதினார்கள். அந்தப் பகுதி உண்மையில் நம் பெருமூளைப் புறணிக்கு ஈடான வேலை செய்கிறது என்று சான்றுகள் குவிந்த பிறகு, 2002-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடிப் பெயர்களையே மாற்றினார்கள். எரிக் ஜார்விஸ் அதில் முன்னின்றவர். 2016-இல் செல்களை எண்ணிப் பார்த்தால், பஞ்சவர்ணக்கிளியின் சிறிய முன்மூளையில், அதைவிடப் பெரிய மூளையுள்ள மக்காக் குரங்கின் புறணியில் இருப்பதைவிட அதிக நரம்புச் செல்கள் நெருக்கி அடைந்திருந்தன. ‘சொல்தானே, என்ன இருக்கிறது’ என்பவர்களுக்கு இதுதான் என் பதில். தவறான சொல் கண்ணை மறைக்கும்.

அப்படியானால் மனிதனும் மண்புழுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லை. மொழி, எழுத்து, ஒரு தலைமுறை கற்றதை அடுத்த தலைமுறைக்குச் சேர்த்து வைப்பது, இவை நமக்கே உரியவை. நீங்கள் இதைப் படிப்பதே அதற்குச் சான்று. 302 செல்லுக்கும் 8,600 கோடிக்கும் வித்தியாசம் இல்லை என்று நான் சொல்லவில்லை. சில கிளைகளில் நரம்பு பெருகியிருக்கிறது, அதுவும் தனித்தனியாக; சில கிளைகளில் குறைந்திருக்கிறது; பல கிளைகளில் இருந்தபடியே வேலை செய்கிறது. மூன்றுமே வெற்றிதான், ஏனென்றால் மூன்றும் இன்றுவரை பிழைத்திருக்கின்றன. வித்தியாசம் வேறு, உயரம் வேறு.

இது வகுப்பறையோடு நின்றுவிடுகிற விவகாரமும் அல்ல. ‘அதுக்கெல்லாம் வலிக்காது’ என்று நாம் எத்தனை தடவை கேட்டிருப்போம்! உயிருள்ள நண்டின் காலை ஒவ்வொன்றாக ஒடிக்கும்போது சொல்லும் சமாதானம் அது. பெல்ஃபாஸ்ட் நகரில் ராபர்ட் எல்வுட் முனிவர் நண்டுகளுக்கு மெல்லிய மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார். மட்டமான சங்கில் குடியிருந்தவை எளிதில் அதைவிட்டு வெளியேறின; பிடித்தமான சங்கில் இருந்தவை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தன. வெறும் அனிச்சைச் செயல் என்றால் சங்கின் தரத்தைப் பார்த்தா முடிவு மாறும்? இத்தகைய ஆய்வுகளை எல்லாம் லண்டன் பொருளியல் கல்லூரியில் ஜோனதன் பர்ச் தலைமையில் ஒரு குழு 2021-இல் எடைபோட்டது. அதன் பிறகு பிரிட்டன் 2022-இல் இயற்றிய சட்டத்தில் நண்டு, இறால், கணவாய், ஆக்டோபஸ் ஆகியவையும் உணர்வுள்ள உயிர்களாகச் சேர்க்கப்பட்டன.

நம் நாட்டுச் சட்டம் இதில் முன்னோடி என்பது பலருக்குத் தெரியாது. கலாக்ஷேத்ராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950-களில் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் பலனாகப் பிறந்தது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதில் ‘விலங்கு’ என்பதற்கு மனிதன் நீங்கலாக எந்த உயிரினமும் என்றுதான் பொருள் சொல்லியிருக்கிறது. உணவுக்காகக் கொல்வதை அது தடுக்கவில்லை; தேவையில்லாத வேதனை கூடாது என்கிறது. முதுகெலும்பு உண்டா, எத்தனையாவது படி என்று கேட்கவில்லை.

நண்டு சாப்பிடாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் வீட்டிலும் நண்டு ரசம் உண்டு. கொல்லும் விதத்தைப் பற்றித்தான் பேசுகிறேன். நண்டுக்கு நரம்பு மையங்கள் இரண்டு: ஒன்று கண்களுக்குப் பின்னால், மற்றது அடிப்பக்கம் நடுவில். ஒன்றை மட்டும் சிதைத்தால் போதாது. மீன்கடைக்காரரிடம், காலை ஒடிக்கும் முன் இரண்டும் பிளக்கும்படி ஒரே வெட்டாக வெட்டிக் கொன்றுவிடச் சொல்லுங்கள். நரம்பு மண்டலப் பாடம் சமையலறைக்கு வந்தால் இவ்வளவு சுருக்கமாகத்தான் வரும்.

பாடநூல் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஹைட்ரா, மண்புழு, கரப்பான், தவளை, மனிதன் என்று வரிசையாக நிறுத்தி அம்புக்குறி போடும் படத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் கிளைகள் விரிந்த மரம் ஒன்றை வரையுங்கள். நட்சத்திர மீனை நமக்குப் பக்கத்துக் கிளையிலும், ஆக்டோபஸைத் தூரத்துக் கிளையிலும் வைத்துக் காட்டுங்கள். பிள்ளைகள் தாமாகவே கேள்வி கேட்பார்கள். வீட்டில் பேரனோ பேத்தியோ “தாத்தா, எந்த விலங்குக்கு மூளை அதிகம்?” என்று கேட்டால், “அது எங்கே வாழ்கிறது, எப்படிப் பிழைக்கிறது, அதை முதலில் பார்ப்போமா?” என்று திருப்பிக் கேளுங்கள். மூன்று மாடிப் படத்தை அனுப்பிய நண்பருக்கும் இந்தப் பதிவின் இணைப்பைத்தான் அனுப்பப் போகிறேன்.